தாய்மாமன் இறக்கிவிடாத பிள்ளை

“செத்துப்போனவளுக்கு எதுக்குடி சேணம்? உசுரோட இருக்கிற பிள்ளைங்க பூரா கோழி மாதிரி தரையில நடந்து திரியுதுங்க!”

“கத்தாதக்கா. அவ பயந்துக்குவா.”

“யாருடி பயந்துக்குவா? வாயத் தொறந்து சொல்லு, யாரு?”

“நீ யாரை எறக்கச் சொல்லிக் கத்துறியோ, அவதான்.”

நூரிலாவும் அவள் ஓரகத்தி ரவ்ஷானும் கத்திக் கிழித்துக்கொண்டது 1969 ஜூன் மாதம், ஆட்டுக்கு மயிர் கத்தரித்து முடித்த மறுநாள். சண்டைக்குக் காரணம் முற்றத்தில் குதிரைமேல் கட்டியிருந்த குழந்தைச் சேணம். அன்று காலை அரசுப் பண்ணையின் கம்பளித் தராசில் அதன் எடை முப்பத்தேழரைக் கிலோ. அதில் மூன்றரைக் கிலோ பிர்ச் மரமும் கம்பளித் துணியும். மிச்சம் முப்பத்து நான்கு கிலோ இங்கார். இங்கார் ரவ்ஷானின் மகள், மூத்த பிள்ளை. ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போய் அதற்குள் ஆறு வருடமாகப் போகிறது. மற்ற பிள்ளைகளைப் போலவே அவளும் வருடத்துக்கு இரண்டு, மூன்று கிலோ ஏறிக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் ஊரான உசின்புலாக்கில் பிறந்த எல்லோரும் உட்கார்ந்த சேணம் அது. முன்னும் பின்னும் பெருக்கல் குறியாகக் குறுக்குப் பலகை, நடுவில் திண்டு, கால் நுழைக்க இரண்டு பக்கமும் துணிப்பை. உள்ளே வைத்துவிட்டால் பிள்ளை தூங்கினாலும் விழாது. வீட்டுக்கு வீடு கைமாறும். பண்ணைத் தலைவரே அதில் உட்கார்ந்து மூத்திரம் போனவர்தான், இப்போது தொப்பி வைத்துக்கொண்டு அலைகிறார். பிள்ளைக்கு ஐந்து வயதானால் வெயில் ஏறிய ஒரு நல்ல நாளில் தாய்மாமன் வருவான், சாதுவான கிழட்டுக் குதிரை ஒன்றில் சேணத்தைக் கட்டுவான், பிள்ளையைத் தூக்கி வைத்து ஊரை ஒரு சுற்று நடத்துவான். பெண்கள் மிட்டாயையும் காய்ந்த தயிருருண்டையையும் தலைமேல் வாரி இறைப்பார்கள். சுற்று முடிந்ததும் ஏற்றிவிட்ட கையே இறக்கிவிட வேண்டும். வேறு கை இறக்கினால் பிள்ளை இறங்கியதாக ஆகாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரொட்டியை ஏன் கவிழ்த்து வைக்கக் கூடாது என்று கேட்டாலும்தான் தெரியாது.

1963 மே மாதம் இங்காரை ஏற்றிவிட்டது ரவ்ஷானின் அண்ணன் செய்சென். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்ணை லாயத்தில் வேலை. நல்ல மனிதன், புளித்த குதிரைப்பாலைக் கண்டால் மட்டும் இன்னும் நல்லவனாகிவிடுவான். அன்று அதிகமாகவே நல்லவனாக இருந்தான். சுற்று முடிகிற நேரத்தில் லாயத்திலிருந்து ஓடி வந்த ஒருவன் ஆறு பெருகிவிட்டது, குட்டி போட்ட குதிரைகள் மணல்திட்டில் மாட்டிக்கொண்டன என்றான். “உட்கார்ந்திரு கண்ணு, மாமன் இதோ வந்து எறக்குறேன்” என்று சொல்லிவிட்டுச் செய்சென் பறந்தான். பதினொரு குதிரைகளைக் கரையேற்றினான். ஏற்றிய களைப்பிலும் குடித்த களைப்பிலும் அங்கேயே வைக்கோலில் விழுந்து தூங்கிப்போனான். இங்கே பிள்ளை இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. அப்பா தோக்தார் கூப்பிட்டான், பெரியம்மா நூரிலா வெல்லக்கட்டி காட்டினாள். “மாமா வரட்டும்” என்ற ஒரே பேச்சு. பொழுது சாய்கிறபோது பலகைமேல் கன்னத்தை வைத்து அது தூங்கிவிட்டது. கைக்குழந்தை எர்மெக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் நிற்பது? ரவ்ஷான் ஒரு கையால் மகளை வாரி எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். நூரிலா மட்டும் நாக்கைத் தட்டினாள். அவள் தட்டாத நாளும் கிடையாது என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

நவம்பரில் பிள்ளை போய்விட்டது. பனியில் வழி மூடி, மருத்துவரின் சறுக்குவண்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. நாற்பதாம் நாள் படையல் முடிந்தபின், அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று சேணத்தை எடுக்கத் தோக்தார் கொட்டகைக்குப் போனான். மாட்டியிருந்த முளை முறிந்து சேணம் தரையில் கிடந்தது. தூக்கினால் மாவு மூட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது. அவன் மனைவியைக் கூப்பிட்டான். ரவ்ஷான் குனிந்து எடுத்தாள், எடுத்ததுமே தன்னை அறியாமல் இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். ஐந்து வருடம் இடுப்பில் வைத்திருந்த எடை அவளுக்குத் தெரியாதா? வேறு கை இறக்கியதால் பிள்ளை இறங்கவே இல்லை, இன்னும் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது என்று ஊர் ஒரு வாரத்தில் தெளிந்துகொண்டது. அந்த வாரம் ஊருக்குப் பெரிய கவலையாக இருந்தது வைக்கோல் பற்றாக்குறைதான்.

அதிலிருந்து தினமும் பிற்பகல், மாடு கறந்து முடித்ததும், ரவ்ஷான் கூலா என்ற கிழட்டுக் குதிரைமேல் சேணத்தைக் கட்டி ஊரை ஒரு சுற்று நடத்தி வருவாள். வெறும் சேணம்தான், கூலாவுக்கு வியர்த்து ஊற்றும், துணிப்பை இரண்டும் உப்பியிருக்கும். வருடா வருடம் பையின் நுனி பெருவிரல் பட்டுக் கிழியும். ரவ்ஷான் ஒரு விரற்கடை கூட்டிப் புதுப்பை தைப்பாள். “இந்த வருசம் பாதம் நீண்டுடுச்சே, அப்பன் பாதம்” என்று பெண்கள் தொட்டுப் பார்த்துச் சொன்னால் அவள் முகம் மலரும். சாவு வீட்டுக்காரி முகம் மலர்ந்தால் ஊருக்குப் பிடிக்காது என்பதும் உண்மைதான். ‘மூடநம்பிக்கையும் இயற்பியலும்’ பற்றிப் பேச மாவட்டத்திலிருந்து ஒரு சொற்பொழிவாளர் வந்தார். தராசைச் சோதித்தார், சேணத்தைப் பிரித்துப் பார்த்தார், சேர்த்துக் கட்டித் தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். தராசு சரியாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வேறு சேணம் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். செய்தார்கள். அதே அளவில் தச்சன் செய்து கொடுத்தான், பூவேலைகூடப் போட்டான். ஆனால் அதைக் கட்டியவுடன் எந்தக் குதிரையும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். சாட்டையும் பலிக்கவில்லை, ஓட்ஸும் பலிக்கவில்லை. முதலில் ஏறியவள் இறங்கட்டும் என்று குதிரைகளுக்குள் ஏதோ முடிவு. ஆக ஆறு வருடமாக உசின்புலாக்கில் ஒரு பிள்ளையும் குதிரை ஏறவில்லை. அடுத்த ஊர்க்காரர்கள் எங்களைக் காலாட்படை என்றார்கள். கோடை மேய்ச்சலுக்கு மலையேறும்போது ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் பாத்திரம் பண்டங்களோடு ஒட்டகத்தின்மேல் போனார்கள். அதைப் பார்க்கச் சகிக்காது. நூரிலாவின் கடைசிப் பையனும் அந்தப் பண்டங்களில் ஒருவன். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

எர்மெக்குக்கு ஐந்து வயதானபோது, ஒரு முறை பார்த்துவிடுவோமே என்று தோக்தார் அவனைத் தூக்கி அந்தப் பழைய சேணத்தில் வைத்தான். பிள்ளை உட்கார்ந்தான், உட்கார்ந்ததுமே மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து அப்பன் கையிலேயே வந்து விழுந்தான். அழவில்லை. “அக்கா இருக்கா. இடமில்ல” என்றான். அதன்பின் தினமும் கூலாவின் வாலுக்குப் பின்னால் நடந்தே போவான். ஒரு நாள் அம்மாவிடம், “அக்கா எப்பம்மா எறங்குவா?” என்று கேட்டான். “அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப” என்றாள் ரவ்ஷான். அது பொய். யார் வந்தால் இறங்குவாள் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இரண்டாம் வருடமே செய்சென் வாசல்வரை வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் எறக்கி விட்டுறட்டுமா தங்கச்சி?” என்று கேட்டான். பதிலாகப் பால்வாளி பறந்து வந்தது. வாளி நிறையப் பால் இருந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அவன்மேல் இருந்த கோபம் பாதிதான். மறு பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நாங்கள் ஊகித்துக்கொண்டோம்: இறக்கிவிட்டால் இடுப்பில் வைத்துக்கொள்ள அவளுக்கு என்ன மிஞ்சும்? தினம் தூக்கித் தூக்கி அவள் தோள் ஆண்பிள்ளைத் தோளாகிவிட்டது. மகள் ஏறிய எடை ஒவ்வொன்றும் அவள் உடம்பிலும் ஏறியிருந்தது.

அந்த ஜூன் நாளுக்கு வருவோம். பேசிப் பயனில்லை என்று கண்ட நூரிலா, கூலாவிடம் போய்ச் சேணத்து வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள். ரவ்ஷான் அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் இழுத்த இழுப்பில் கூலா ஒரு சுற்று சுற்றியது. வேலிமேல் பாதி ஊர் இருந்தது. அப்போது ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், காய்ந்த கிளையை மெல்ல வளைக்கிற சத்தம். இரண்டு பேருமே கையை எடுத்துவிட்டார்கள். யாரும் தொடாமல் இருந்த சேணத்தின் முன்பலகை வெளிப்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி ‘கிர்ர்’. யாரோ உள்ளே மூச்சு விடும்போதெல்லாம் சத்தம் போடுவதுபோல் அது சத்தம் போட்டது.

ஏழு பிள்ளை பெற்ற நூரிலாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் குரல் அப்படி இறங்கி நாங்கள் கேட்டதில்லை.

“அடியே. அவளுக்கு அது பத்தலைடி.”

ரவ்ஷான் பலகையின் பிளவைப் பார்த்தாள்.

“எத்தனை வயசு இப்ப அவளுக்கு?”

“பதினொண்ணு.”

“பதினோரு வயசுப் பொண்ணை அஞ்சு வயசுப் பலகைக்குள்ள வெச்சு அடைச்சிருக்கியேடி பாவி. இடுப்பெலும்பு என்னத்துக்கு ஆகும்? எனக்குச் சேணம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவளுக்கு வலிக்குதுடி.”

பை தைக்கும்போதெல்லாம் பாதத்தை அளந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று ஊர் பிறகு நிறையப் பேசியது. தோன்றியிருக்கும் என்பது என் கட்சி. தோன்றுவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நடுவில் தாய்மார்கள் பல வருடம் குடித்தனம் நடத்துவார்கள். ரவ்ஷான் கிட்டே போய், பிளந்த பலகைக்கும் திண்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. கையை எடுத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள், பால்வாளியை நூரிலா கையில் கொடுத்தாள், நேரே ஆற்றை நோக்கி நடந்தாள்.

செய்சென் லாயத்தில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று, “அண்ணே, வந்து எறக்கு” என்றாள். ஐந்து வருடத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. “இப்பவேவா?” என்றான் அவன். “பலகை நெருக்குது” என்றாள் அவள். அவன் வாளியை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுத் தொப்பிகூட எடுக்காமல் கிளம்பினான். பிள்ளை செத்த நாளிலிருந்து அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கூப்பிடுகிற நாளில் கை நடுங்கக் கூடாது என்பதற்காக என்று அவன் மனைவி சொன்னாள். வேறு எந்தப் பிள்ளையையும் அவன் குதிரையில் ஏற்றவும் இல்லை. அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்த இன்னொரு தங்கை தன் மகளை ஏற்றக் கூப்பிட்டபோதுகூட, “ஒண்ணு பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டானாம்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் அன்றைக்கென்று ரவ்ஷான் வீட்டில் உப்புக் கடன் வாங்க வேண்டியிருந்தது. செய்சென் யாரையும் பார்க்காமல் கூலாவின் இடப்பக்கம் போய் நின்றான். “மாமன் வந்துட்டேன், இங்கார். நேரமாயிடுச்சு. கோவிச்சுக்காத” என்றான். கையை நீட்டினான். கை காற்றில் ஓரிடத்தில் வளைந்து நின்றது, அக்குளுக்குக் கீழே பிடிக்கிற வளைவு. தூக்கினான், வரவில்லை. கால் பையில் மாட்டியிருந்தது. ரவ்ஷான் ஆட்டு மயிர்க் கத்தரியை எடுத்துவந்து, தானே தைத்த பைகளை, உள்ளே இருப்பதன்மேல் படாமல், தையலோடு வெட்டினாள். ஒரு பையை வெட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். “ம்” என்றான் அண்ணன். அடுத்ததையும் வெட்டினாள். செய்சென் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கால் வளைந்தது, பாரத்தைத் தரையில் மெல்ல இறக்கினான். கூலா ஆறு வருட மூச்சை ஒரேயடியாக விட்டது.

முற்றத்துப் புழுதியில் இரண்டு வெறும் பாதங்கள் பதிந்தன. தோக்தாரின் பாதம்தான், அகலமாக, இரண்டாம் விரல் நீண்டு. கொஞ்ச நேரம் நகரவில்லை. பிறகு, வெகுநேரம் குதிரைமேல் இருந்து இறங்கியவர்கள் நடக்கிற விதத்தில், அகட்டி அகட்டி, ஒரு முறை தடுமாறி, அவை ரவ்ஷானுக்கு முன்னால் வந்து நின்றன. தாயின் செருப்பு நுனிக்கும் மகளின் பெருவிரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். ரவ்ஷான் கையை நீட்டினாள். மகளின் தலை இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தது தன் இடுப்புக்குச் சற்று மேலே. எடை அவளுக்கு அரைக் கிலோ பிசகாமல் தெரியும். உயரம்தான் தெரியவில்லை. ஐந்து வயதுத் தலையைத் தேடிக் கை காற்றில் தடவியது. வேலியில் இருந்த நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். அப்புறம் அந்தக் கை எழும்பியது, மார்பு தாண்டி, தோள்வரை வந்து நின்றது. அவளாகத் தூக்கினாளா, கீழிருந்து ஒரு கை பிடித்து உயர்த்தியதா என்பதில் ஊர் இன்றைக்கும் இரண்டு கட்சி.

“இவ்வளவு வளந்துட்டியாடி” என்றாள் ரவ்ஷான்.

தேநீர் கொதிக்கிற நேரம் அப்படியே நின்றிருப்பார்கள். பிறகு பாதங்கள் திரும்பின. எர்மெக்கின் பக்கத்தில் ஒரு கணம் நின்றன. யாரோ கிள்ளியதுபோல் அவன் தன் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாசலைத் தாண்டி, கணவாய்க்குப் போகும் பாதையில் இறங்கின. வீட்டுக்குள் போகவில்லை, இடுகாட்டுப் பக்கமும் போகவில்லை. நாங்கள் இரண்டையுமே எதிர்பார்த்தோம். தோக்தார் பின்னாலேயே நடந்தான். ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் தடம் பதியாது. அங்கே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு வந்தான். மறுநாள் பிற்பகல் மாடு கறந்து முடித்ததும் ரவ்ஷான் கொட்டகைக்குப் போய், பழக்கத்தில் காலை அகட்டி, மூச்சை இழுத்து, சேணத்தைத் தூக்கினாள். மூன்றரைக் கிலோ. தூக்கிய வேகத்தில் அது மேலே வந்து அவள் முகவாயில் இடித்தது. அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அடிபட்டதற்கு அழுகிறாள் என்று எல்லோருமாகச் சொல்லிக்கொண்டோம், உதட்டில் ரத்தம் வந்தது உண்மைதானே.

பலகைக்குத் தச்சன் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தான். அந்த மாதமே எர்மெக்கைச் செய்சென் ஏற்றினான், அவனே இறக்கினான். ஏழு வயதிலும் எட்டு வயதிலும் இருந்த பிள்ளைகள் முழங்காலை மடக்கிக்கொண்டு வரிசையாக ஏறி இறங்கினார்கள். பெண்கள் மிட்டாய் இறைத்தே களைத்தார்கள். மிட்டாய் இறைத்தவர்களில் ரவ்ஷானும் இருந்தாள். நன்றாகத்தான் இறைத்தாள். ஆனால் பிற்பகலானால் எதையாவது தூக்கிக்கொண்டு நிற்பாள், தண்ணீர்க் குடம், கன்றுக்குட்டி, உரமூட்டை. அந்தத் தோளை அவள் என்னதான் செய்வாள்? கூலா அடுத்த குளிர்காலத்தில் செத்தது.

1976 இலையுதிர் காலத்தில் கணவாய்க்கு அப்பாலிருந்து முன்பின் தெரியாத மூன்று பேர் ரவ்ஷான் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு செவலைப் பெண்குதிரை. பெண்ணுக்குப் பாலூட்டி வளர்த்த தாய்க்கு மாப்பிள்ளை வீடு கொடுக்க வேண்டிய சீர் அது. தோக்தார் ஒன்றும் கேட்காமல் ஆடு அறுத்தான். கேட்டது நூரிலா.

“எந்தப் பொண்ணுக்குச் சீர்?”

“இந்த வீட்டுப் பொண்ணுக்குத்தான், சம்பந்தி. எங்க இங்காருக்கு. கை சுத்தம், கறந்தா ஒரு சொட்டு சிந்தாது. பேச்சுத்தான் கம்மி” என்றார் மூத்தவர்.

“இந்தக் குடும்பத்துல பேச்சு கம்மியா? நல்லாப் பார்த்தீங்களா, வேற வீட்டுப் பொண்ணா இருக்கப்போகுது.”

எல்லோரும் சிரித்து முடித்தபின் ரவ்ஷான், “குளிர்காலத்துல கழுத்துக்குத் துணி சுத்திக்கிறாளா?” என்று கேட்டாள். மூத்தவர் யோசித்தார். அது பெண்களுக்குத்தான் தெரியும், வீட்டில் விசாரித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். ரவ்ஷான் எழுந்து போய்க் குதிரையின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

நூரிலாவின் கடைசிப் பையன் பண்ணையிலேயே பெரிய குதிரைக்காரனாகி, தபால்காரர் மகளைக் கட்டினான். செய்சென் 1979இல் போய்ச் சேர்ந்தான், தெளிந்த நிலையில். எர்மெக் லாரி ஓட்டக் கற்று, பட்டணத்தில் ரொட்டி ஆலையில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரண்டு அறை வீடு வாங்கினான். 1984இல் தோக்தார் இறந்தபின் அம்மாவைக் கூட்டிப்போக லாரியோடு வந்தான். ரவ்ஷான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். ஆனால் லாரியில் ஏறவில்லை. செவலைமேல் சேணம் போட்டு, பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, கணவாய்ப் பாதையில் போய்விட்டாள். அங்கேதான் இருக்கிறாள். உப்பு வாங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள், பேரப்பிள்ளை இரண்டாம், இரண்டையும் இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லையாம். நல்ல விஷயம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லாட்டம் ஒரு மகன் இருக்கும்போது, மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்கிறாளே ஒருத்தி, இப்படி ஒரு மானக்கேட்டை உசின்புலாக் அதற்கு முன் பார்த்ததில்லை. நூரிலாவால் அதை இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.